ஃபோர் வீல் டிராக்டருக்குப் பின் டயரை மட்டும் பெரிதாக மாற்றலாமா?

கேள்வி கேட்ட நண்பரின் நிலைமை இது. 50 குதிரைத்திறன் ஃபோர் வீல் டிராக்டர் (நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் இழுவை போகும் வண்டி), செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். முன்னால் 9.5-24, பின்னால் 14.9-28. பின் டயரில் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடு) முழுக்கத் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது, முன் டயரில் பாதி பட்டன் இருக்கிறது. டயர் கடைக்காரர், "பின்னால 16.9-28 போட்டுக்கங்க, அதுவும் 28 இஞ்சுதான், அகலமா இருக்கும், சேத்துல இறங்காது" என்கிறார். போடலாமா, முன் டயரை அப்படியே விட்டுவிடலாமா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பெரிய டயர் வண்டியில் மாட்டுமா என்பது ஒன்று. மாட்டிய பிறகு முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகுமா என்பது இன்னொன்று. கடைக்காரர் பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும்தான். உங்கள் பணத்தையும் வண்டியையும் காப்பாற்றப் போவது இரண்டாவது கேள்வி.

வேளாண் பொறியியல் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக டெல்டாப் பகுதியில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின் டயரை மட்டும் 16.9 ஆக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நாளைக்கு வேறொரு கடையில் வேறொரு அளவைச் சொல்லும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிராக்டரில் முன் சக்கரம் சும்மா உருளுகிறது. அங்கே முன் டயர் இரண்டு அங்குலம் சின்னதாக இருந்தாலும் ஸ்டியரிங்கும் வண்டியின் சமநிலையும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஃபோர் வீல் அப்படியில்லை. ஃபோர் வீல் லிவரைப் போட்டதும் பின் அச்சும் முன் அச்சும் பல் சக்கரங்களால் கட்டிப் போடப்படுகின்றன. பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் முன் சக்கரம் இத்தனை சுற்று சுற்றியே ஆகவேண்டும் என்பது கம்பெனியிலேயே முடிவான கணக்கு. கார்களில் சிலவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் இருந்து இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். நம் டிராக்டர்களில் அது கிடையாது. வித்தியாசம் இருந்தால் அதை டயர்தான் தேய்ந்து தீர்க்க வேண்டும், அல்லது பல்லும் ஷாஃப்டும் தாங்க வேண்டும்.

அந்தக் கணக்கில் முன் டயர் பின் டயரைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். இதை லீடு என்போம். பின் டயர் ஒரு மீட்டர் உருளும் நேரத்தில் முன் டயர் ஒரு மீட்டர் மூன்று சென்டிமீட்டர் உருள முயன்றால் லீடு 3 சதவீதம். முன் சக்கரம் எப்போதும் வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. டயர் கம்பெனிகள் பொதுவாக ஒன்று முதல் ஐந்து சதவீதம்வரை சரி என்கின்றன. என் அனுபவத்தில் இரண்டிலிருந்து நான்குக்குள் இருக்கும் வண்டிகள் தொந்தரவு கொடுப்பதில்லை.

சரி, உங்கள் டயருக்கு வருவோம். 14.9-28 என்றால் டயரின் அகலம் சுமார் 14.9 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். கடைக்காரர் சொல்லும் அந்த 28 ரிம்மின் அளவு, டயரின் உயரம் அல்ல. டயர் அகலமாகும்போது அதன் பக்கச்சுவரும் உயர்கிறது. புது 14.9-28 டயரின் மொத்த விட்டம் சுமார் 1365 மில்லிமீட்டர். 16.9-28 சுமார் 1435. எழுபது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அது ஐந்து சதவீதத்துக்கும் சற்று மேல். உங்கள் வண்டியில் இப்போது லீடு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பின் டயரை மட்டும் மாற்றிய நொடியில் அது மைனஸ் 2 ஆகிவிடும். அதாவது பின் சக்கரம் ஒரு மீட்டர் போகும்போது முன் சக்கரம் 98 சென்டிமீட்டர்தான் உருளும். இழுக்க வேண்டிய முன் சக்கரம் பிரேக் போட்டது மாதிரி பின்னால் இழுபடும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "எங்க ஊர்ல மூணு வண்டியில இப்படித்தான் பெரிய டயர் போட்டு ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சேற்றுழவில் பின் சக்கரம் நன்றாக வழுக்கும். பின் டயர் 100 சென்டிமீட்டர் சுற்றினால் வண்டி 85 சென்டிமீட்டர்தான் நகரும். அப்போது 98 சென்டிமீட்டர் சுற்றும் முன் சக்கரம்கூட வண்டியைவிட வேகமாகத்தான் சுற்றுகிறது, அதனால் இழுக்கவும் செய்கிறது. பிரச்சினை தெரிவது சேற்றில் இல்லை. காய்ந்த வரப்போரத்தில், கட்டாந்தரையில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது பின் சக்கரம் இரண்டு மூன்று சதவீதம்தான் வழுக்கும். அங்கே 98 சென்டிமீட்டர் சுற்றும் முன் சக்கரத்துக்கு இழுக்க எதுவும் மிச்சம் இருக்காது. ஃபோர் வீலுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு, அதற்கு எரியும் டீசல் இரண்டும் வீண். லிவரை எடுக்க மறந்து ரோட்டில் ஏறிவிட்டால் இன்னும் மோசம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. லீடு ஆறு, ஏழு என்று ஏறிப்போனால் முன் டயர் தரையைப் பிறாண்டிக்கொண்டே போகும். சில வருடங்களுக்கு முன் ஒரு வண்டி எங்களிடம் வந்தது. முன் டயர் போட்டு ஒரு சாகுபடிகூட முடியவில்லை, பட்டனின் ஒரு ஓரம் மட்டும் ரம்பம் போட்டது போல் சீவப்பட்டிருந்தது. ஃபோர் வீல் லிவரை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் விடுபடவில்லை. முன் சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினோம். டயர் தரையை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பியதும், யாரும் தொடாமலேயே அந்தச் சக்கரம் 'டக்'கென்று கால் சுற்று தானாகத் திரும்பி நின்றது. அதன் பிறகு லிவர் ஒற்றை விரலில் விடுபட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஷாஃப்ட் முறுக்கேறி நின்றிருக்கிறது, அந்த முறுக்குதான் அப்படி விடுபட்டது. அந்த வண்டிக்குத் தேய்ந்த பின் டயரை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் ஒரு அளவு பெரிய புது டயர் போட்டிருந்தார்கள். அந்த முறுக்கை ஒவ்வொரு மணி நேரமும் தாங்கிக்கொண்டிருந்தவை ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டும் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்களும்தான். டயரைவிட அவற்றின் விலை பல மடங்கு.

உங்கள் வண்டியின் லீடு எவ்வளவு என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே களத்தில் கண்டுபிடிக்கலாம். முதலில் நான்கு டயரிலும் காற்றைப் புத்தகத்தில் சொன்னபடி சரி செய்துகொள்ளுங்கள். சமமான சிமெண்ட் களமோ இறுகிய மண் தரையோ இருந்தால் போதும். ஒரு பின் டயரிலும் அதே பக்கத்து முன் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஃபோர் வீல் லிவரை எடுத்துவிட்டு, சின்ன கியரில் நேராக, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் ஓட்டச் சொல்லுங்கள். ஒருவர் கூடவே நடந்து, பின் டயர் சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்போது முன் டயர் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண வேண்டும். கடைசி அரைகுறைச் சுற்றைப் பட்டன் எண்ணிக் கணக்கிடலாம். அப்புறம் லிவரைப் போட்டு அதே மாதிரி இன்னொரு முறை, ஆனால் இந்த முறை கொஞ்சம் இளகிய மண்ணில். கெட்டித் தரையில் லிவரோடு ஓட்டினால் முறுக்கு ஏறும்.

லிவர் இல்லாமல் 13.0 சுற்றும், லிவர் போட்டு 13.4 சுற்றும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4. அதை 13.0-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 3.1 சதவீதம். இதுதான் லீடு. முதல் எண் டயர்களின் அளவை மட்டும் சொல்கிறது, இரண்டாவது எண் பல் சக்கரத்தின் கணக்கைச் சொல்கிறது. இரண்டாவது எண்ணை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டயர் எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. அதே வண்டியில் பின்னால் 16.9 போட்டால் முதல் எண் 13.0-இலிருந்து சுமார் 13.7-க்குப் போய்விடும், இரண்டாவது 13.4-இலேயே நிற்கும். கழித்துப் பார்த்தால் மைனஸ்.

மேலே நான் 3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது உதாரணத்துக்குத்தான். டயர் விட்டங்களும் ஐந்து சதவீத வித்தியாசமும் எந்தக் கம்பெனியிலும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருக்கும். உங்கள் வண்டியின் பல் சக்கரக் கணக்கு அந்த வண்டியிலிருந்தோ அதன் கையேட்டிலிருந்தோதான் வர வேண்டும். முன் அச்சின் மேல் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள், அதில் ஒரு விகிதம் இருக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. அது முன் அச்சுக்குள் நடக்கும் சுற்று வேகக் குறைப்பு மட்டுமே, கியர் பெட்டியிலிருந்து முன்னால் பிரிந்து வரும் இடத்திலும் ஒரு குறைப்பு உண்டு. இன்னொன்று, ஒரே மாடல் பெயரில் 9.5-24-உடன் பின்னால் 14.9-ம் வரும், 16.9-ம் வரும் என்று விளம்பரத் தாளில் பார்த்திருப்பீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே பல்லும் ஒன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. பக்கத்து வயல்காரர் வண்டியில் 16.9 இருக்கிறதே என்று பார்த்துப் போட்டுவிடக் கூடாது. செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு: இப்போது மாட்டியிருக்கும் அளவே கம்பெனி கொடுத்த அளவுதானா? முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். சுற்று எண்ணிப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். டிராக்டர்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு நிலையம் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கிறது. அதன் சோதனை அறிக்கையில் சோதித்த வண்டிக்கு என்ன டயர் போட்டிருந்தார்கள் என்று இருக்கும், அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கு நிஜமாகவே பெரிய டயர்தான் வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். 9.5-24 டயரின் விட்டம் சுமார் 1050 மில்லிமீட்டர், 11.2-24 சுமார் 1105. இதுவும் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. ஆகவே பின்னால் 16.9-28, முன்னால் 11.2-24 என்று ஜோடியாகப் போனால் லீடு கிட்டத்தட்ட பழையபடியே நிற்கும். ஆனால் செலவு டயரோடு முடியாது. 14.9 டயர் பொதுவாக 12 அல்லது 13 அங்குல அகல ரிம்மில் உட்காரும், 16.9-க்கு 14 அல்லது 15 அங்குலம் வேண்டும். ஒடுக்கமான ரிம்மில் பெரிய டயரை ஏற்றினால் இரு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். தரையில் நடுவில் இருக்கும் பட்டன் மட்டும்தான் பதியும். அகலமான டயர் வாங்கிய பலனே போய்விடும். ரிம்மின் அகலம் அதிலேயே அச்சடித்திருக்கும், அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். முன்னால் பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறி நிற்கும் நிலையில் டயர் எதிலாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த இடத்தில் உரசாதது வயலில் உரசும். வண்டியின் வேகம் எல்லா கியரிலும் ஐந்து சதவீதம் ஏறும், இழுவை அதே அளவு குறையும். சேற்றில் இறங்கக் கூடாது என்பதுதான் நோக்கமென்றால் இத்தனை செலவுக்கு முன் கேஜ் வீல் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுப் பாருங்கள், அல்லது அதே 14.9-28 அளவில் ஆழமான பட்டன் உள்ள, நெல் வயலுக்கென்றே வரும் டயரைக் கேளுங்கள். ஆழ பட்டன் டயர் ரோட்டில் சீக்கிரம் தேயும். டிப்பர் ஓட்டம் அதிகமென்றால் அது வேண்டாம். அதை வாங்குவதாக இருந்தாலும் அதன் உருளும் சுற்றளவை, அதாவது ஒரு சுற்றில் அது உருண்டு போகும் தூரத்தை, கேட்டுத்தான் வாங்க வேண்டும், பட்டன் உயரத்தால் விட்டமும் மாறும்.

அடுத்து, பாதி தேய்ந்த முன் டயரை வைத்துக்கொள்ளலாமா என்பது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. முன் டயரில் 12 மில்லிமீட்டர் பட்டன் போயிருந்தால் விட்டம் 24 மில்லிமீட்டர் குறைந்திருக்கும், அது இரண்டு சதவீதத்துக்கு மேல். பின் டயரில் 28 மில்லிமீட்டர் போயிருந்தால் விட்டத்தில் 56, அதாவது நான்கு சதவீதம். ஆகவே இன்றைக்கு, பின்னால் மொட்டையும் முன்னால் பாதியுமாக ஓடும்போது, உங்கள் லீடு புதிதில் இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கும். முன் டயர் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னால் புதிதாக அதே 14.9 போட்டதும் லீடு சட்டென்று இறங்கி ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இது எல்லைக்கோடு. வயலில் பட்டன் மண்ணுக்குள் புதைவதால் தேய்மானத்தின் பாதிப்பு இந்தக் கணக்கில் தெரிவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், கெட்டித் தரையில் முழுதாகத் தெரியும். என் யோசனை: பின்னால் 14.9-28 புதிது போடுங்கள், உடனே சுற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் முன் டயரை இந்தப் போகத்துக்கு ஓட்டலாம். அதற்குக் கீழே போனால் முன்னாலும் புதிது போட்டுவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம். முன்னால் டூ வீல் வண்டிக்கு வரும் கோடு போட்ட டயரை மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இழுக்கப் பட்டன் இல்லாத டயருக்கு ஃபோர் வீல் எதற்கு?

கடையில் அதே அளவு கேட்டு வாங்கினாலும் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு ஒன்றிரண்டு சதவீதம் மாறும். எனவே பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணோடு நிற்காமல், அந்த டயரின் விவரத்தாளில் உருளும் சுற்றளவு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ரேடியல் டயர் காட்டினால் எழுத்து வேறு மாதிரி இருக்கும். 14.9-28-க்கு நேரானது 380/85ஆர்28, 16.9-28-க்கு நேரானது 420/85ஆர்28. 380 என்பது மில்லிமீட்டரில் அகலம், 85 என்பது அந்த அகலத்தில் 85 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். கணக்குப் போட்டால் 380-இல் 85 சதவீதம் 323, மேலும் கீழும் சேர்த்து 646, அதோடு 28 அங்குல ரிம்மின் 711. மொத்தம் 1357. முன்னால் சாதா டயர், பின்னால் ரேடியல் என்று கலக்காதீர்கள். ரேடியல் பளு ஏறினால் வேறு மாதிரி அமுங்கும், அதனால் தாளில் பொருந்தும் கணக்கு வயலில் பொருந்தாமல் போகும். இடது வலது இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே டிசைன், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக ஓடும்போதும் அச்சுக்குள் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். பிளை ரேட்டிங் (டயர் பளு தாங்கும் வலுவைக் காட்டும் எண்) பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதி இருக்கும், 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். இரண்டு மூன்று வருடம் வெயிலில் கிடந்த டயரைப் புதிது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், இந்த எண்ணைக் கேளுங்கள்.

காற்றைக் கூட்டிக் குறைத்து லீடைச் சரி செய்யலாமா என்று கேட்பார்கள். அரை சதவீதம், மிஞ்சினால் ஒரு சதவீதம் நகர்த்தலாம். அளவே தப்பான டயரைக் காற்றால் சரிக்கட்ட முடியாது, டியூப் வால்வு பிய்ந்துகொள்வதுதான் மிச்சம். பின் டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டுபவராக இருந்தால் பழைய டயரில் எவ்வளவு இருந்ததோ அதே அளவு புதிதிலும் நிரப்புங்கள். வால்வை மேலே வைத்து அதன் மட்டம்வரை, அதாவது சுமார் முக்கால் பங்கு. இரண்டு பக்கமும் ஒரே மட்டம். அதற்குப் பிறகு சுற்று எண்ணினால்தான் எண் சரியாக வரும்.

மாட்டும்போது பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் பக்கமே காட்ட வேண்டும், ஃபோர் வீலில் முன் டயருக்கும் இதே விதிதான். சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு தடவையும், பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடியும் முடுக்குங்கள். சுற்று எண்ணிய இரண்டு எண்ணையும் இப்போது மாட்டியிருக்கும் ரிம்மின் அகலத்தையும் இங்கே எழுதினால், எந்த டயர் உங்கள் வண்டிக்குச் சரி என்று அளவோடு சொல்கிறேன்.